நாவில் ஊறிய செபம்

பிள்ளைக்குச் செபம் பழக்குவதை எங்கே தொடங்குவது? மன்னாரின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் அந்திக்குச் செபமாலை சொல்லும் வீடுகளில், பொருள் விளங்குமுன்பே பிள்ளையின் வாயில் பரலோக மந்திரம் ஏறிவிடுகிறது. இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மனதில் உள்ளதைச் சொந்தச் சொல்லில் சொல்வதுதான் செபம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், சொற்களை அடுக்கிக்கொண்டே போகிற செபத்தை இயேசுவே கண்டிக்கிறார். ஆனால் கண்டித்த கையோடு, மனனம் செய்ய ஏற்ற ஒரு செபத்தையும் கொடுக்கிறார். செபிக்கக் கற்றுத்தாரும் என்று சீடர் கேட்கும் லூக்கா 11இலும் அவர் முதலில் தருவது அந்தச் செபத்தைத்தான். மனனம் செய்த செபமே மன்னாரைக் காத்தது என்பது என் துணிபு.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விழுந்தது. யோசேவாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள் இந்த மக்கள் மேய்ப்பரில்லாமல் இருந்தார்கள். 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு 20 குடும்பங்கள் மருதமடுக் காட்டுக்குள் போனதாக மரபு சொல்கிறது. பூசை வைக்கக் குருவில்லாத அந்தக் காட்டில் அவர்கள் எதைக் கொண்டு செபித்திருப்பார்கள்? பாட்டன் பாட்டி வாயிலிருந்து கேட்டுப் பாடமாக்கியதைத்தான். ஆளுக்காள் அந்தந்த நேரத்து உணர்ச்சியை மட்டும் நம்பியிருந்தால், ஒரு தலைமுறைக்குப் பிறகு சேர்ந்து சொல்ல ஒரு சொல் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

புரியாமல் சொல்வது வீண்தானே என்ற கேள்வி இன்னும் கனமானது. இதற்குப் புனித பிரான்சிஸ் சவேரியாரிடமே விடை இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. துணைக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, தாமும் மனனம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தமிழில் பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்று நின்ற இடத்தில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே சொல்லும்படி 1544இல் தோழர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். கடவுளை வேண்டும் என்பதும் கடவுளை விசுவசிக்கிறேன் என்பதும் ஒன்றல்லவே! முதலில் மனனம், பிறகு திருத்தம். பொருள் அந்த வழியில்தான் தெளிந்தது. அதே 1544இல் சவேரியார் அனுப்பிய குருவிடம் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். விசுவாசத்துக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள். ஆழ்ந்த இறையியலைக் கற்க அவர்களுக்கு ஏது நேரம்? இருந்தும் மறுதலிக்காமல் நின்றார்கள்.

ஆகவே மனனத்தை விடச் சொல்லாதீர்கள். மறைக்கல்வி வகுப்பில் அதற்கு அடுத்த படியைச் சேருங்கள். ‘எங்கள் அனுதின அப்பம்’ என்று பிள்ளை ஒப்புவித்ததும், கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாளில் அந்த வரிக்கு என்ன பொருள் என்று கேளுங்கள்.