விடிய விடியப் பாடும் குரல்!

திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் உண்டு. வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும். உடுக்கும் குடமும் முழங்கும். நடுவே உட்கார்ந்து இரவெல்லாம் சாமி கதையைப் பாடுவார், புலவர். இன்று பெண்களும் தலைமை ஏற்றுப் பாடுகிறார்கள்.

விடிந்ததும் ஊர் தூங்கப் போய்விடும். புலவரோ அடுத்த ஊர்க் கொடைக்குப் பஸ் ஏறுவார்.

உழவருக்கு நிலம் முதல். தச்சருக்கு உளி முதல். பாடகருக்கு? குரல்தான் முதல்! உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். குரல் போனால் பிழைப்பே போயிற்று.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

குரல்வளையில் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. இவற்றைக் குரல் நாண்கள் என்பார்கள். நுரையீரலில் இருந்து வரும் காற்றினால் இவை ஒன்றோடொன்று மோதி அதிரும். பேசும்போதே ஆண்களுக்கு நொடிக்கு 100 தடவைக்கு மேல் அதிரும். பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவை. உச்சத்தில் பாடினால் இன்னும் அதிகம்.

மண்வெட்டி பிடித்த கை காய்த்துப் போகிறது அல்லவா? அதுபோல, கத்திக் கத்திப் பாடினால் குரல் நாணிலும் சிறு முடிச்சு விழும். குரல் கரகரக்கும்.

மூச்சே பலம்

குரலின் பலம் தொண்டையில் இல்லை, மூச்சில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது தோள் உயரக் கூடாது. வயிறும் விலாவும் விரிய வேண்டும். பிறகு அந்தக் காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும், சம்பளப் பணத்தை மாதக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றுவது போல!

செங்கோட்டையில் 1906-ம் ஆண்டு பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா, நாடக மேடையில் உச்சக் குரலில் பாடிப் புகழ் பெற்றவர். அது மேடைகளில் மைக் பரவாத காலம். விடியற்காலையில் கீழ் சுருதியில் சாதகம் செய்வது நம் சங்கீதத்தின் பழைய வழக்கம். குரல் பயிற்சி தரும் நிபுணர்களும் இன்று அதைத்தான் சொல்கிறார்கள். முதலில் மெதுவாக, இதமாக, பிறகே உச்சம்!

டாக்டரிடம் எப்போது?

பனங்கற்கண்டு இதமாக இருக்கும். ஆனால், முடிச்சைக் கரைக்காது. கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுவதே நல்லது. சில சமயம் அது புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கும். பல முடிச்சுகள் கத்தி வைக்காமலே, ஓய்வினாலும் குரல் பயிற்சியினாலும் குணமாகின்றன. மைசூரில் 1965-ம் ஆண்டு தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்தகைய நிபுணர்களை உருவாக்கி வருகிறது.

ஊருக்கும் பொறுப்பு உண்டு

"பணம் வாங்குகிறார், பாடட்டுமே!" என்று சிலர் சொல்லலாம். அது சரியல்ல. கொடுத்த பணம் பாட்டுக்குத்தான், தொண்டைக்கு அல்ல.

பாடுகிறவரின் குரல் அவர் காதிலேயே விழாவிட்டால், அவர் கத்தத்தான் செய்வார். ஆகவே, மேடையைப் பார்த்து ஒரு ஒலிபெருக்கி வைக்க வேண்டும். பக்கத்தில் குடிதண்ணீர் வேண்டும். நள்ளிரவில் ஓய்வு வேண்டும். அந்த நேரத்தில் மேளம் முழங்கட்டும். பந்தலுக்கும் வேட்டுக்கும் ஆகும் செலவில் இது ஒரு செலவே அல்ல.

சாமிக்குக் கொடை கொடுக்கிறோம். சாமி கதையைப் பாடுகிறவருக்கு ஒரு மணி நேர ஓய்வு கொடுக்கக் கூடாதா?