விரைவன்று பயணம்

'சபாரி' என்னும் சுவாகிலி மொழிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். பயணத்தைக் குறிக்கும் 'சபர்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. விரைவு என்னும் பொருள் அதில் இல்லை. ஆயினும், இன்றைய கிழக்காப்பிரிக்கப் பயணத் திட்டங்களை நோக்குமிடத்து, ஓட்டமே பயணமெனக் கொள்ளப்படுதல் புலனாகும்.

தான்சானியாவின் அருஷா நகரில் புறப்பட்டுத் தரங்கிரே, மன்யாரா ஏரி, இங்கோரோங்கோரோ, செரங்கெட்டி ஆகிய நான்கினையும் ஐந்தாறு நாள்களில் கண்டு முடிப்பது பலரது வழக்கம். செரங்கெட்டிப் பூங்கா ஒன்றே 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. அருஷாவிலிருந்து அதன் நடுப்பகுதி 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வழியில் ஒரு பகுதி புழுதி படிந்த மண்சாலை. குலுங்கிக் களைத்த உடலோடு காண்பவை உள்ளத்தில் நிலைப்பது அரிது. எனவே, இத்திட்டங்களின் இடையே ஓய்விற்கென ஓரிரு நாள்களேனும் ஒதுக்கப்படுதல் வேண்டும்.

"பெரும்பொருள் செலவிட்டுச் சென்றோர் வாளா இருப்பதோ?" எனச் சிலர் வினவலாம். காட்டின் இயல்பே அதற்கு விடை கூறும். சிங்கம் நாளொன்றில் இருபது மணி நேரம் வரை ஓய்ந்து கிடக்கும். விலங்குகள் பலவும் வைகறையிலும் மாலையிலுமே மிகுதியாக இயங்கும். நண்பகல் முழுதும் ஊர்தியில் அலைவோர், அவை உறங்கும் பொழுதில் அவற்றைத் தேடுகின்றனர்.

விரைவினால் விளையும் கேடு நம்மோடு முடிவதுமன்று. கென்யாவின் மசாய் மாராப் பகுதியில் நிகழ்த்தப்பெற்று 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, சுற்றுலா ஊர்திகள் மிக்க இடங்களில் வாழும் சிவிங்கிப்புலிகள், அவை குறைந்த இடங்களில் வாழ்வனவற்றைக் காட்டிலும் மிகக் குறைவான குட்டிகளையே வளர்த்து ஆளாக்குகின்றன எனக் காட்டிற்று. ஒரே நாளில் அனைத்தையும் கண்டுவிட வேண்டுமென்னும் வேட்கையே ஊர்திகளை ஒரு விலங்கினைச் சூழ்ந்து குவியச் செய்கின்றது. நாள் மிகுதியாக உடையோர்க்கு முந்தியடிக்கும் தேவை இல்லை.

செலவு மிகுமே என்பார்க்கு எளிய வழியுண்டு: பூங்காக்களுள் ஒன்றனைக் குறைத்துக்கொள்ளலாம். அந்நாளை இங்கோரோங்கோரோவிற்குச் செல்லும் வழியிலுள்ள கராட்டுவின் காப்பித் தோட்டங்களிடையே கழிக்கலாம். மன்யாரா ஏரியை அடுத்துள்ள முட்டோ வா உம்பு சிற்றூரின் வாழைத் தோப்புகளில் அவ்வூர் மக்களோடு உரையாடலாம். ஆங்குத் தங்கும் நாளுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணமும் இல்லை.

கிளிமஞ்சாரோ மலையேறுவோரிடம் வழிகாட்டிகள் 'போலே போலே' என்பர். மெல்ல, மெல்ல என்பது பொருள். விரைந்தேறுவோரை உயரமே நோய்ப்படுத்தும் என்பதை அறிந்தோர் கூற்று அது. மலைக்குரிய அவ்வறிவுரை சமவெளிக்கும் உரியதே. எத்தனை விலங்குகளைக் கண்டோம் என எண்ணுவதைவிட, ஒன்றையேனும் அமைந்திருந்து கண்டோமா என வினவுதலே பயணத்திற்கு அழகு.