கியர் வழுக்குதா? அரைச் சுற்று போதும்!

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். கியர் சைக்கிளில் ஏறும்போது பாதி வளைவில் செயின் ‘கடகட’வென வழுக்கினால் தடுமாற்றம்தான். பெரும்பாலும் காரணம் சின்னது. கியர் கேபிள் லேசாகத் தளர்ந்திருக்கும்.

பின்சக்கரத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, பெடலைச் சுற்றியபடி ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள். செயினை நகர்த்தும் டெரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில், பல சைக்கிள்களில் கையாலேயே திருப்பக்கூடிய திருகு இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற செயின் தயங்கினால், பின்னாலிருந்து பார்த்து அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அரைச் சுற்று திருப்புங்கள். சின்னதற்கு இறங்கத் தயங்கினால், முள் சுற்றும் திசையில் திருப்புங்கள். சத்தம் அடங்கும்வரை இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக!

அருகிலுள்ள ‘எச்’, ‘எல்’ ஸ்க்ரூக்களை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். செயின் எல்லை தாண்டாமல் தடுப்பவை அவை. ‘எல்’ தளர்ந்தால் செயின் ஸ்போக்ஸில் சிக்கி, சக்கரமே நின்றுவிடலாம்.

சைக்கிள் கீழே விழுந்த பிறகு தொல்லை தொடங்கியதா? டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். அதற்கு மெக்கானிக்தான் வழி.

எதுவானாலும், சமதளச் சாலையில் ஓட்டிச் சரிபார்த்த பிறகே மலையேறுங்கள்.