மூட்டை தூக்கினவன் பேர் என்ன?

பனிமலை உருகினால் வெள்ளகோவில் சேரிக்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இமாச்சலத்தில் சோட்டா சிக்ரி என்றொரு பனியாறு. 2002 முதல் ஆண்டுதோறும் அளக்கிறார்கள். பனியைத் துளைத்து மூங்கில் கழியை இறக்குவார்கள். மறுமுறை போகும்போது கழி எத்தனை வெளியே நிற்கிறதோ அத்தனை பனி போய்விட்டது என்று கணக்கு. தேவையான வேலைதான். ஆனால் இமயத்து ஆய்வு முகாம்களுக்குக் கூடாரத்தையும் அரிசியையும் முதுகில் ஏற்றிப் போவது யாருங்க? நேபாளத்துக் கூலியும் மலைக்கிராமத்து ஏழையும். கட்டுரையில் கழிக்கு எண் உண்டு. சுமந்தவனுக்குப் பேர் உண்டா?

உத்தரகாண்டில் ரைணி, போட்டியா பழங்குடிகளின் ஊர். 1974இல் கௌரா தேவியும் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த ஊர். 2021 பிப்ரவரி 7 அன்று ரோந்தி மலைச்சரிவிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 200 பேருக்கு மேல். பெரும்பாலோர் மின்திட்டக் கூலிகள். இந்தத் திட்டங்கள் வேண்டாம் என்று ரைணி, ஜோஷிமட்டைச் சேர்ந்த ஐந்து பேர் உயர்நீதிமன்றம் போனார்கள். யாரோ ஆட்டிவைக்கும் பொம்மைகள் என்று சொல்லி, 2021 ஜூலையில் ஆளுக்குப் பத்தாயிரம் அபராதம் போட்டது நீதிமன்றம்.

இமயப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போகலாம் என்று 2007இல் உலக விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கை எழுதியது. தப்பு என்று 2010இல் ஒத்துக்கொண்டார்கள். அவிய யாருக்காவது அபராதம் உண்டா? படித்தவன் தப்பினால் பிழைதிருத்தம். மலைக்காரன் சரியாகச் சொன்னாலும் தண்டம்.

இது நமக்குப் புதுசில்லை. கவலை ஓட்டின காலத்தில் தோல்பறி தைத்தது அருந்ததியர் கை. வடம் எத்தனை நீளம் விட்டால் பறி தண்ணியைத் தொடும் என்று அந்தக் கைக்குத் தெரியும். கிணறு வற்றுவதை முதலில் அறிந்தவர்கள் நாம். இன்று ஆழ்குழாய் ஆயிரம் அடி தாண்டுது. நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்க வருகிற ஜீப் பண்ணாடி தோட்டத்துச் சாளை முன்னால நிக்குது. காலனிக்குள் வந்து ஒரு கிழவியைக் கேட்டால் தீட்டா?

பனியானாலும் கிணறானாலும் நம் கேள்வி ஒன்றுதான். சுமந்தவன் பேரை எழுது. கூலியும் காப்பீடும் கொடு. அளந்த கணக்கை அந்த ஊர் மொழியில் அந்த ஊர்க்காரர்களிடம் முதலில் சொல். ஆபத்து அவர்கள் தலையில். அறிவு மட்டும் உன் பெட்டியிலா?