திரைக்குள்ளே ஓர் உலகம்



"கொம்பியூட்டர் எல்லாம் படித்த பிள்ளைகளுக்கு. நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிக் கொள்ளும் பழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் பாடம், வெளிநாட்டில் இருக்கும் மகளின் குரல், அரசாங்கத்தின் அறிவித்தல், வங்கிச் செய்தி என்று எல்லாமே இன்று ஒரு சிறிய திரை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. நாம் ஒதுங்கி நின்றாலும் அந்தத் திரை நம்மை விடுவதாக இல்லை. அப்படியானால் அதைத் தெரிந்து கொண்டு கையாள்வதே நமக்கு நல்லது. இந்தத் துறையில் நானும் ஒரு புதியவள்தான். கடந்த சில மாதங்களில் தொட்டுப் பார்த்த சில கருவிகளைப் பற்றி இம்முறை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

நமது மலையகத்துக்கு இணையம் புதியதல்ல. கொத்மலை சமூக வானொலியில் 1990களின் இறுதியிலேயே யுனெஸ்கோவின் உதவியோடு ஒரு முயற்சி நடந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் விடையைத் தேடி, வானொலியிலேயே விளக்கிச் சொல்வார். வீட்டில் கணினி இல்லாதவர்களும் அப்படி இணையத்தைக் காதால் கேட்டார்கள். பின்னர் அரசாங்கத்தின் 'நெனசல' நிலையங்கள் நாடெங்கும் 700க்கு மேல் திறக்கப்பட்டன. 2014இல் அந்தத் திட்டத்துக்கு பில் - மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. இன்றோ கைத்தொலைபேசியே ஒரு நெனசலவாகி விட்டது.

ஆனால் போன் இருந்தால் மட்டும் போதுமா? 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது லுணுகலையில் நடந்ததை உலகமே செய்தியாகப் படித்தது. காட்டுக்குள், மலை உச்சியில், நிலத்திலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் இருந்த ஒரு மரவீட்டுக்குப் பெரியவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் மாணவர்களும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் பற்றைக்காட்டு வழியே நடந்து, மலைப்பாறையில் ஏறி இருந்து பாடத்தைப் பெற்றுக்கொண்டார்கள். பசறையிலிருந்து மொனராகலை வரை மலைச்சரிவுகளில் வாழும் நமக்கு இது அதிசயமல்ல. கோயில் மேட்டில் நின்றால்தான் கோல் வரும் என்பது தெரிந்த கதை! பிள்ளைக்காக மலையேறத் தெரிந்த தாய்க்கு, அந்தப் போனில் நாலு விடயத்தைக் கற்றுக் கொள்வது ஒரு பாரமா?

முதலாவதாக நான் கற்றுக் கொண்டது தமிழில் எழுதுவது. போனின் 'செற்றிங்ஸ்' பகுதியில் மொழியைத் தேடித் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவது சிரமமென்றால், ஒலிவாங்கியின் படத்தை அழுத்திக் கொண்டு பேசினாலே அது எழுதிக் கொடுத்து விடுகிறது. நமது தோட்டப் பேச்சைச் சில வேளை பிழையாகக் கேட்டு, நாம் நினையாத சொல்லை எழுதும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். ஏழாம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சகோதரிகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. மொனராகலை மாவட்டத்தில் நாம் சிறு தொகையினர். அலுவலகங்களிலிருந்து வரும் கடிதம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். அதை எடுத்துக் கொண்டு கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் ஓடி, நமது குடும்ப விடயம் ஊர் விடயமான அனுபவம் பலருக்கும் உண்டு. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்க்கப்பட்டன. சிங்கள வசனத்தைத் தட்டச்சு செய்தால் தமிழில் வருகிறது. மகளோ மகனோ சிங்களம் வாசிப்பவராயின் பக்கத்தில் இருத்திக் கொள்ளுங்கள். வரும் தமிழ் கரடுமுரடாக இருந்தாலும், எந்த அலுவலகம், என்ன காரியம், எந்தத் திகதி என்பது விளங்கிவிடும்.

ஆனால் ஒன்றை மறந்து விடக் கூடாது. கையெழுத்து வைக்கும் பத்திரத்துக்கு இந்த மொழிபெயர்ப்பை நம்பக் கூடாது. காணி, கடன், நட்டஈடு, வழக்கு சம்பந்தமான ஒரு சொல் மாறினாலும் வாழ்க்கையே மாறிவிடும். 1987இல் கொண்டு வரப்பட்ட 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. "எனக்கு இதைத் தமிழில் தாருங்கள்" என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை. கடிதத்தின் பொருளைப் போனில் முன்கூட்டியே அறிந்து கொண்டு போனால், அந்தக் கேள்வியைத் தலைநிமிர்ந்து கேட்க முடிகிறது.

மூன்றாவதாக நான் பார்த்தது 'கூகுள் ஏர்த்'. செய்மதியிலிருந்தும் விமானத்திலிருந்தும் எடுத்த படங்களை ஒட்டி, பூமி முழுவதையும் ஓர் உருண்டையாகக் காட்டும் கருவி இது. 'மொனராகலை' என்று எழுதியதும் உருண்டை சுழன்று, இலங்கை பெரிதாகி, மரகல மலையும் நகரமும் வந்து விட்டன. கொஞ்சம் நகர்த்தினால் இறப்பர் மலைகள், வெல்லவாய வீதி, புத்தளைப் பக்கத்துக் கரும்புக் காணிகள். லயத்துத் தகரங்கள் வரிசையாக மின்னுகின்றன!

பெண்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் இதைக் காட்டியபோது, ஓர் அக்கா மெதுவாகக் கேட்டார்: "இதுல வன்னியையும் பாக்கலாமா?" 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போனதையும், போரின்போது அங்கிருந்தும் இடம்பெயர்ந்ததையும் நாம் அறிவோம். அவருடைய ஊரைத் தேடினோம். குளம் கிடைத்தது. குளக்கட்டின் வழியே விரலை நகர்த்திக் கொண்டு போனார். வீடு இருந்த இடத்தில் பற்றை மண்டியிருந்தது. "கெணறு இந்த எடத்துலதான்" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். அதன்பின் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் யாரும் போனைத் திரும்பக் கேட்கவுமில்லை.

ஆகவே சகோதரிகளே, இந்தக் கருவியை விளையாட்டாகத் திறக்க வேண்டாம். பார்க்க விரும்புபவர் தனியே இருந்து பார்க்காமல், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்வது நல்லது. அதில் தெரிவது இன்றைய காட்சியுமல்ல. சில மாதங்களுக்கோ சில வருடங்களுக்கோ முன் எடுத்த படமாக இருக்கலாம். கணினியில் பார்த்தால் பழைய வருடங்களின் படங்களையும் திகதியோடு பார்க்க முடிகிறது. காணியின் எல்லையை ஞாபகப்படுத்தவும், பிள்ளைகளுக்கு "இதுதான் நமது ஊர்" என்று காட்டவும் இது உதவும். ஆனால் காணிக்கு உரிமை காட்டுவது உறுதியும் அனுமதிப்பத்திரமும் நில அளவைப் படமுமே. அவற்றைப் போனில் படமெடுத்து வைத்துக் கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுத்து விடாதீர்கள்.

'செகண்ட் லைஃப்' என்றொரு கற்பனை உலகத்தையும் ஓர் இளம் பெண்ணின் கணினியில் எட்டிப் பார்த்தேன். 'இரண்டாவது வாழ்க்கை' என்று பொருள். அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் 2003இல் திறந்தது. அங்கே நமக்கென ஓர் உருவத்தை எடுத்துக் கொண்டு நடக்கலாம், பறக்கலாம், பிறரோடு பேசலாம். 2007இல் நமது அயல்நாடான மாலைதீவு அதற்குள்ளே ஒரு தூதரகத்தையே திறந்தது. உலகில் எந்த நாடும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லையாம்!

அந்த உலகத்திலும் காணி விற்கிறார்கள். தொடக்க காலத்தில் கட்டணம் கட்டிய உறுப்பினருக்கு 512 சதுர மீற்றர் காணி கிடைத்தது. நமது கணக்கில் அது 20 பேர்ச். இங்கே ஏழு பேர்ச் காணிக்கும் அதன் உறுதிக்கும் பரம்பரை பரம்பரையாகக் காத்திருக்கும் தோட்டத்துப் பெண், திரைக்குள்ளே இல்லாத மண்ணைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் சிரிப்பாளா, அழுவாளா? நல்ல கணினியும் வேகமான இணைப்பும் வேண்டும் என்பதால் நமக்கு அது அவசரமில்லை. ஆனால் அதிலுள்ள ஒரு பாடம் நமக்குத் தேவை. அங்கே எதிரே நிற்கும் உருவத்தின் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இதுவே நிலை. அழகான படமும் இனிமையான பேச்சும் ஒருவருடைய அடையாளமாகி விடாது.

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பழைய புகைப்படத்தை அசைய வைக்கும் கருவிகள் வந்துள்ளன. மைஹெரிடேஜ் என்ற நிறுவனம் 2021 பெப்ரவரியில் வெளியிட்ட கருவி உலகெங்கும் பிரபலமானது. இறந்துபோன என் பாட்டியின் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். சில விநாடிகளில் பாட்டி தலையைத் திருப்பினார், கண் சிமிட்டினார், புன்னகைத்தார். உடம்பு சிலிர்த்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் அது என் பாட்டியின் சிரிப்பல்ல. வேறு யாரோ தலையசைத்ததை முன்கூட்டியே படம்பிடித்து வைத்து, அந்த அசைவை நமது படத்தின் மேல் பொருத்துகிறார்கள். முகம் நம்முடையவருடையது, அசைவு இரவல்!

கணவனோ மகனோ காணாமற்போன ஒரு பெண் இதைப் பார்த்தால் என்ன ஆகும்? "ஒருதரம் பாத்தா போதும், என் மகன் சிரிக்கிறத" என்று கேட்கும் தாய்க்கு வேண்டாமென்று சொல்ல நான் யார்? சிலருக்கு அது ஓர் ஆறுதலாக இருக்கலாம். சிலருக்கு ஆறிவந்த புண் மீண்டும் திறந்து விடலாம். முடிவு அவரவருடையது. பிள்ளைகளோ அயலவரோ கேளாமல் செய்து கொண்டு வந்து திடீரெனக் காட்டக் கூடாது என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்.

அந்தக் கருவியை வெளியிட்டவர்கள், தவறாகப் பயன்படக் கூடாதென்று அதில் பேச்சைச் சேர்க்கவில்லை. ஆனால் அதன்பின் வந்த கருவிகள் படத்தைப் பேசவும் வைக்கின்றன, குரலையும் போலியாக உருவாக்குகின்றன. "உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார், இதோ வீடியோ. விடுவிக்க இவ்வளவு பணம் அனுப்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் அதை உடனே நம்பி விடாதீர்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு விடயத்தைக் கேளுங்கள். பணம் அனுப்பாதீர்கள். முகநூலில் காணாமற்போனவரின் படத்தைப் போடுபவர்கள், அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு விலாசத்தையும் சேர்த்துப் போட வேண்டாம். மோசடிக்காரருக்கு அதுவே கருவியாகிவிடும்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யப் பணம் கட்ட வேண்டியதில்லை. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் குடும்பத் தொடர்புச் சேவையும் இலவசமே. ஆள் காணவில்லை என்பதற்கான சான்றிதழையும் 2016இலிருந்து சட்டப்படி பெறலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு அது ஒரு வழி. இந்த ஏற்பாடுகள் வடக்கு கிழக்குக்கு மட்டும் உரியவையுமல்ல. 1987 - 89 காலத்தில் தெற்கில் காணாமற்போனவர்களின் குடும்பங்களும், போரில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களும் அங்கே போகலாம். மொனராகலையில் அத்தகைய சிங்களச் சகோதரிகளும் நமது அயலவர்கள்தானே. அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இறுதியாகச் சில குறிப்புகள். கடவுச்சொல்லையும், வங்கியிலிருந்து போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் எவருக்கும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும்கூட. யாராவது படத்தை வைத்து மிரட்டினால், வெட்கப்பட்டு அந்தச் செய்திகளை அழித்து விடாதீர்கள். அவைதான் சாட்சி. பொலிஸின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில் முறையிடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. குற்றம் மிரட்டுபவனுடையது, மிரட்டப்படும் பெண்ணுடையதல்ல.

கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் யாரும் நமக்கு வகுப்பு வைத்துக் கற்றுத் தரவில்லை. பக்கத்து நிரையில் நின்ற அக்காவைப் பார்த்துத்தான் கற்றுக் கொண்டோம். இதையும் அப்படியே கற்கலாம். இந்த மாதம் மூன்று பேராகச் சேர்ந்து உட்கார்ந்து, தமிழில் ஒரு செய்தியைப் பேசி எழுதி அனுப்பிப் பாருங்கள். முதல் செய்தி, நெடுநாளாக நீங்கள் பேசாமலிருக்கும் உறவினர் ஒருவருக்குப் போகட்டும்.

அடுத்த இதழில், கடவுச்சொல்லை மறக்காமலும் பிறருக்குத் தெரியாமலும் வைத்துக் கொள்வது எப்படி என்று பார்ப்போம்.