கருவேலம் இழந்த பெயர்

வடநாட்டில் பபூல் எனவும் தமிழில் கருவேலம் எனவும் வழங்கும் மரத்தை ‘அக்கேசியா நைலோட்டிகா’ என்றே குறிப்பிடும் ஆய்வேடுகள் இன்றும் வருகின்றன. ஏன் எனக் கேட்டால், “ஆஸ்திரேலியர் பறித்துக்கொண்டனர், நாம் ஏன் ஒப்ப வேண்டும்?” என்கின்றனர். இம்மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் அது டிஎன்ஏ சான்றின்மீது பாய்வதுதான் பொருந்தவில்லை.

ஏராளமான, ஒன்றோடொன்று இணையாத மகரந்தத்தாள்கள் என்னும் பண்பைக் கொண்டே பெந்தம் 19ஆம் நூற்றாண்டில் இக்கூட்டத்தை வரையறுத்தார். பசுங்கணிக மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது, இது ஒரே மூதாதையின் வழித்தோன்றல் அன்று எனத் தெளிவாயிற்று. ஆஸ்திரேலிய இனங்கள் கருவேலத்தைவிட, மகரந்தத்தாள்கள் குழலாய் இணைந்த வாகை, கொடுக்காப்புளிக் கூட்டத்துக்கே நெருங்கியவை. செங்கருங்காலி இன்னொரு கிளை. முள்ளைப் பார்த்தாலே இவ்வேறுபாடு புலப்படும்: கருவேலத்தில் இலையடிச் செதில்களே நேரான முட்களாகின்றன, செங்கருங்காலியிலோ புறத்தோலிலிருந்து கொக்கி முட்கள் எழுகின்றன. கண்ணெதிரே இருந்த பண்புக்கு உரிய எடையை டிஎன்ஏதான் பெற்றுத்தந்தது.

பெயர்ப் பங்கீடு வேறு கதை. பேரினம் பிரிந்தால், வகைமாதிரி இனம் நிற்கும் கூட்டத்துக்கே பழைய பெயர் சேரும். அந்த வகைமாதிரி கருவேலமே. எனினும், ஏறத்தாழ ஆயிரம் ஆஸ்திரேலிய இனங்களுக்குப் பெயர் மாற்ற நேரும் என்பதால், வகைமாதிரியையே ஆஸ்திரேலிய இனமாக மாற்றப் பரிந்துரைத்தனர். 2005ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் 54.9 விழுக்காட்டு வாக்குகள் அதற்கு எதிராக விழுந்தன. பரிந்துரையை வீழ்த்த 60 விழுக்காடு தேவை என்பதால் அது நிலைத்தது. 2011இல் மெல்போர்ன் மாநாடும் (ஊரைக் கவனிக்க!) அதை உறுதிசெய்தது. விளைவு: நீலகிரிப் புல்வெளிகளை விழுங்கும் ஆஸ்திரேலிய வாட்டில் மரம் அக்கேசியாவாகவே நீடிக்க, இம்மண்ணின் கருவேலம் வாச்செல்லியா ஆயிற்று.

அந்த வாக்கெடுப்பு முறையை நானும் ஏற்கவில்லை. ஆயினும் பெயரை மீட்டாலும் கிளைகள் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. வாச்செல்லியாவும் நமக்கு அந்நியப் பெயர் அன்று. தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி வைட்டும் ஆர்நாட்டும் 1834இல் வெளியிட்ட நூலில் பிறந்தது.

பழைய பெயரோடு நின்றுவிடும் ஆய்வேடு, புதிய பெயரில் தேடுபவர் கண்ணில் படாமலே போகும். மருந்தியல் மாணவர்க்கு இந்த இழப்பு இன்னும் பெரிது. செங்கருங்காலி பற்றிய கட்டுரைகள் அக்கேசியா, செனகாலியா என இரு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. முதற்குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள். உலர்தாவரத் தாளின் எண்ணையும் சேருங்கள். மாநாடுகள் மீண்டும் பெயரை மாற்றினாலும் அந்தத் தாள் மாறாது.