தாமுவேயில் எழுதப்படும் நிரல்: எல்லை கடந்து கூட வரும் தொழில் எது?

நாட்டை விட்டு வெளியேறும்போது எதைக் கொண்டு போக முடியும் என்ற கேள்வி புலம்பெயர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் புதியதல்ல. காணி உறுதியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் எம்மிடையே உண்டு. உறுதி வந்து சேர்ந்தது, காணி அங்கேயே நின்றுவிட்டது. நகையை விற்றுப் பயண முகவருக்குக் கொடுத்தவர்களும் உண்டு. கடைசிவரை கூட வந்தவை படிப்பும் கைத்தொழிலும்தான்.

இந்தப் பாடத்தை எமக்கு முன்னரே படித்தவர்கள் பர்மாத் தமிழர்கள். அவர்களில் வெளியேறாமல் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மியன்மாரின் யங்கோன் நகரில் வாழ்கிறார்கள். 2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், எதை வைத்துப் பிழைப்பது, எதைக் கொண்டு போவது என்ற அதே கேள்வி அவர்கள் முன் மீண்டும் வந்து நிற்கிறது.

யங்கோன் நகர மையத்துக்கு வடகிழக்கே உள்ளது தாமுவே. அங்கே மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் 24 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் எமது கற்பனைதான். ஆனால் அவரைச் சூழ்ந்திருக்கும் சட்டங்களும் தடைகளும் கற்பனையல்ல. அவர் விற்க நினைப்பது இணையத்தளங்களுக்கான செருகுநிரல், அதாவது ‘பிளகின்’. கடை வேண்டாம், சரக்கு வேண்டாம், வாடகை வேண்டாம், எல்லை கடந்தாலும் தொழில் கூடவே வரும் என்று அவர் நம்புகிறார். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது?

செருகுநிரல் என்னும் வியாபாரம்

வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருள் 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று உலகின் இணையத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேற்பட்டவை அதன்மேல்தான் இயங்குகின்றன. எமது ஊர்ச் சங்கங்களின் தளங்கள், கோயில் தளங்கள், பலசரக்குக் கடைகளின் இணைய விற்பனைப் பக்கங்கள் எனப் பலவும் இதில் அடங்கும். வெறும் வேர்ட்பிரஸ் ஒரு வெற்று வீடு போன்றது. பதிவுப் படிவம், பணம் செலுத்தும் வசதி, தள்ளுபடிக் கணக்கு, சந்திப்பு நேரம் பதிவு செய்தல் என ஒவ்வொன்றையும் தனித்தனிச் செருகுநிரலாக அதில் பொருத்த வேண்டும். இலவசமானவை மட்டுமே பல பத்தாயிரம் உள்ளன.

வியாபாரம் நடக்கும் விதம் இதுதான். அடிப்படைப் பதிப்பை வேர்ட்பிரஸின் பொதுப் பட்டியலில் இலவசமாக வைப்பார்கள். அதைப் பயன்படுத்துவோரில் ஒரு சிறு பகுதியினர் கூடுதல் வசதிக்காகக் கட்டணப் பதிப்பை வாங்குவார்கள். பட்டியலில் உள்ள நிரல்கள் யாவும் எவரும் பிரதி எடுத்துப் பகிரக்கூடிய திறந்த உரிமத்தின் கீழ் வருபவை. ஆகவே விற்கப்படுவது நிரல் மட்டுமல்ல. ஓராண்டுக்கான திருத்தங்களும், பழுது வந்தால் பதில் சொல்லும் உதவியும்தான் உண்மையான சரக்கு.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 49 டொலர் விலையில் 200 பேர் வாங்கினால் 9,800 டொலர். அடுத்த ஆண்டு அவர்களில் பாதிப்பேர் புதுப்பித்தால், புதிய வாடிக்கையாளர் ஒருவர்கூட வராமலே 4,900 டொலர் கிடைக்கும். இந்தத் தொழில் வளர்வதும் தேய்வதும் இந்தப் புதுப்பித்தலில்தான். நள்ளிரவில் தளம் செயலிழந்து கடிதம் எழுதும் ஒரு கனடியக் கடைக்காரருக்குக் காலைக்குள் பதில் போனால் அவர் அடுத்த ஆண்டும் இருப்பார். பதில் போகாவிட்டால் போய்விடுவார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் நிரல் எழுதித் தரும் இன்றைய நிலையில் இது இன்னும் உண்மையாகிறது. நிரலின் விலை குறைகிறது, பொறுப்பேற்று நிற்பவரின் மதிப்புக் கூடுகிறது.

பெருநகரில் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. வங்கதேசத்தின் சில்ஹெட் நகரிலிருந்து டபிள்யூபிமேனேஜ்நிஞ்சா என்ற நிறுவனம் படிவங்களுக்கான செருகுநிரல்களை உலகெங்கும் விற்கிறது. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் வளர்ந்த பிளைகார்ட் நிறுவனம், இணையக் கடைகளுக்கான தள்ளுபடி விதிகளை அமைக்கும் செருகுநிரலால் பெயர் பெற்றது. இரண்டுமே சிறிய, தெளிவான ஒரு தேவையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. தாமுவே இளைஞருக்கும் அந்தத் திறமை இருக்கலாம். 2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்து, ஒரு சிம் அட்டை 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் வளர்ந்த தலைமுறை அவருடையது.

உள்ளூரில் அவருக்குச் சந்தை குறைவு. மியன்மாரின் சிறு வியாபாரிகள் இணையத்தளம் வைப்பதில்லை, பேஸ்புக்கிலேயே விற்கிறார்கள். ஆகவே அவர் உலகுக்குத்தான் விற்க வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நான்கு வாசல்கள்

நிரல் எழுதுவது அவர் கையில் இருக்கிறது. அதை வியாபாரமாக்கும் நான்கு வாசல்களும் பிறர் கையில் இருக்கின்றன.

முதலாவது இணைப்பு. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த இரு வாரங்களில் இரவு நேர இணையம் துண்டிக்கப்பட்டது. 2021 மார்ச் 15இல் கைபேசி இணையமும், ஏப்ரல் 2இல் கம்பியில்லா அகலப்பட்டை இணைப்பும் நிறுத்தப்பட்டன. 2024 மே மாத இறுதியிலிருந்து விபிஎன் சேவைகள் முடக்கப்பட்டு வருகின்றன. 2025 ஜனவரி 1இல் பிறப்பிக்கப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி விபிஎன் சேவை வழங்குவோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. இவற்றுக்கு மேல் மின்வெட்டு. காலைக்குள் பதில் சொல்வதே சரக்கு என்றால், மின்சாரம் இல்லாத காலையில் அவர் விற்க எதுவும் இல்லை.

வங்கதேசத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. 2024 யூலையில் மாணவர் போராட்டத்தை ஒடுக்க அந்நாட்டு அரசு பல நாட்களுக்கு இணையத்தை முற்றாக நிறுத்தியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அங்குள்ள மென்பொருள் துறையே தவித்தது. ஆனால் அங்கே அது நாட்கணக்கில் முடிந்தது. மியன்மாரில் அது ஆட்சி முறையாகவே மாறிவிட்டது.

இரண்டாவது பணம். பேபால், ஸ்ட்ரைப் ஆகிய இரண்டிலும் மியன்மாரில் இருந்து வணிகக் கணக்குத் திறக்க முடியாது. இது எமக்கும் அந்நியமான செய்தியல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து மென்பொருள் வேலை செய்யும் எமது பிள்ளைகளும் பேபாலில் பணம் பெற முடியாமல் நீண்டகாலமாகச் சுற்றுவழிகளில் போனவர்கள்தான். மியன்மாரில் நிலை இன்னும் மோசம். 2022 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய வங்கி, வெளிநாட்டு நாணயமாக வரும் வருமானத்தை ஒரு வேலைநாளுக்குள் கியாட்டாக மாற்ற உத்தரவிட்டது. அப்போது அரசு விதித்த விலை ஒரு டொலருக்கு 1,850 கியாட். 2024இல் வெளிச்சந்தையில் டொலர் 4,000 கியாட்டைத் தாண்டியது. 2022 ஒக்டோபரில் நிதி நடவடிக்கைச் செயலணி மியன்மாரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததால், அங்கிருந்து வரும், அங்கு போகும் ஒவ்வொரு பணமாற்றத்தையும் வெளிநாட்டு வங்கிகள் சந்தேகத்தோடு பார்க்கின்றன.

மூன்றாவது ஆள். 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரையான ஆண்களும், 18 முதல் 27 வயது வரையான பெண்களும் அதற்குள் வருகிறார்கள். செருகுநிரல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கக்கூடிய வயது முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் தொழிலில் ஒருவருக்கு அழைப்பாணை வந்தால் தொழிலின் பாதி போய்விடும்.

நான்காவது பட்டியல். இது இராணுவத்தின் கையில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணத் தோன்றும். 2024இல் நடந்ததைப் பார்த்தால் அப்படி எண்ண முடியாது. வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி என்ஜின் நிறுவனத்துக்கும் இடையே பெரும் தகராறு மூண்டது. அந்த ஆண்டு ஒக்டோபர் 12இல், டபிள்யூபி என்ஜினுக்குச் சொந்தமான ‘அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ என்ற செருகுநிரலின் பட்டியல் பக்கத்தையே வேர்ட்பிரஸ் தரப்பு எடுத்துக்கொண்டு, வேறு பெயர் சூட்டியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த செருகுநிரல் அது. டிசம்பர் 10இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே பக்கம் திரும்பக் கிடைத்தது. பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர்களும் நீதிமன்றமும் இருந்தன. தாமுவேயில் இருப்பவருக்கு அப்படி நடந்தால் அவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

செட்டியார்கள் விட்டுச் சென்ற பாடம்

இந்த இடத்தில் பர்மாவின் பழைய கணக்கு ஒன்றைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே நிலம் வாங்கப் போனவர்கள் அல்லர். அவர்கள் கடன் கொடுத்தவர்கள். அவர்களது முதல் பணமாக, உண்டியலாக, எங்கும் நகரக்கூடியதாக இருந்தது. 1930களின் உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை வீழ்ந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 வீதமாக இருந்த அவர்களது நிலவுடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 வீதமாக உயர்ந்தது. வெளிப்பார்வைக்கு அது வளர்ச்சி. உண்மையில் நகரக்கூடிய செல்வம் நகர முடியாத செல்வமாக மாறிக்கொண்டிருந்தது.

பின்னர் வந்தவை தெரிந்தவை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும் கால்நடைப் பயணமும், சுதந்திரத்தின் பின் நிலச் சீர்திருத்தம், 1962இல் நே வின் ஆட்சி, வங்கிகளும் கடைகளும் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் தாள்கள் ஒரே நாளில் செல்லாதவை ஆயின. இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கப்பலேறினார்கள். அவர்களில் சிலர் சென்னைக் கடற்கரைச் சாலையோரத்தில் போட்ட கடைகள்தான் பர்மா பஜார்.

தாமுவே இளைஞர் நிலம் வாங்கப்போவதில்லை. ஆனால் ஒரே பட்டியல், ஒரே கட்டண வழி, இன்னொருவர் பெயரில் உள்ள ஒரே கணக்கு என்று தொழிலை நிறுத்தினால், அவரும் நகரக்கூடியதை நகர முடியாததாக மாற்றியவராவார்.

நாம் கொடுக்கக்கூடியது

இங்கேதான் வெளிநாடுகளில் உள்ள குடும்பங்களின் பங்கு வருகிறது. சொந்தக்காரர்களுக்கு உதவுவது என்றால் மாதாமாதம் பணம் அனுப்புவது என்றே நாம் பழகிவிட்டோம். மியன்மாரிலும் அந்த வழிக்கு ‘ஹுண்டி’ என்றே பெயர். எமது உண்டியலும் அதுவும் ஒரே சொல், ஒரே நம்பிக்கை. ஆனால் அனுமதியற்ற பணமாற்றம் அங்கே கைதுக்கும், இங்கே வழக்குக்கும் வழி வகுக்கும். மேலும், அனுப்பிய பணம் தீர்ந்துவிடும்.

தொழில் செய்யும் ஒருவருக்கு அதைவிடத் தேவையானது சட்டபூர்வமான ஒரு முகவரி. ரொறன்ரோவிலோ, இலண்டனிலோ, சிங்கப்பூரிலோ முறைப்படி பதிவு செய்த ஒரு சிறு நிறுவனம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, செருகுநிரலின் பெயருக்கான வணிகக் குறி, நிறுவனத்தின் சொந்தத் தளமுகவரி. வாடிக்கையாளர் பட்டியலும் நிரலின் மூலமும் ஒரு நாட்டுக்கு வெளியே பிரதியாக இருக்க வேண்டும். தாமுவேயில் மின்சாரம் இல்லாத காலையில் கடிதங்களுக்குப் பதில் எழுத, பல்கலைக்கழகத்தில் படிக்கும் எமது பிள்ளை ஒருவர் போதும். இது உதவியல்ல, பங்கு.

பங்கு என்பதால் அது எழுத்தில் இருக்க வேண்டும். யாருக்கு எத்தனை வீதம், நிரல் யாருக்குச் சொந்தம், ஒருவர் இராணுவத்துக்கு இழுக்கப்பட்டாலோ எல்லை தாண்டினாலோ அவரது பங்கு என்னவாகும் என்பவற்றை முதல் டொலர் வருவதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். சொந்தத்துக்குள் எதற்கு ஒப்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சீட்டுப் பிடித்துப் பிரிந்த குடும்பங்களை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கணக்கு வைத்திருப்பவர் முதலாளியாகவும், நிரல் எழுதியவர் கூலியாகவும் மாறுவது மிக எளிது. அப்படி மாறினால் அந்த இளைஞர் ஓர் அதிகாரத்திடமிருந்து தப்பி இன்னொன்றிடம் சிக்கியவராவார். மியன்மார் மீது ஒவ்வொரு நாடும் விதித்துள்ள தடைகள் வேறுவேறு என்பதால், தொடங்குமுன் அந்தந்த நாட்டுக் கணக்காளரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்வது அவசியம்.

எல்லோரும் இதில் வெல்லப்போவதில்லை. வேர்ட்பிரஸ் பட்டியலில் யாரும் தொடாமல் கிடக்கும் செருகுநிரல்கள் ஏராளம். முதலாவது தோற்றாலும், வாடிக்கையாளரோடு பேசிய பழக்கமும், ஒழுங்காக எழுதிய ஒப்பந்தமும், பதிவு செய்த நிறுவனமும் இரண்டாவதுக்கு உதவும்.

பர்மாவை விட்டுக் கப்பலேறியவர்களுக்கு அக்கரையில் காத்திருந்தது அகதி முகாமும் நடைபாதைக் கடையும். அடுத்து தாமுவேயில் இருந்து புறப்படும் ஒருவருக்கு, அவர் பெயரும் பங்கும் எழுதப்பட்ட ஒரு நிறுவனம் இக்கரையில் காத்திருக்குமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். அதற்கு முதலில் தேவைப்படுவது பெரும் முதலீடு அல்ல. அங்குள்ள பிள்ளையிடம் இந்த மாதம் எவ்வளவு அனுப்ப என்று கேட்பதோடு நிறுத்தாமல், நீ என்ன செய்கிறாய், அதை எங்கே பதிவு செய்யலாம் என்றும் கேட்பதுதான்.